எகனாமெட்ரிக்ஸ்: பொருளாதார அளவையியல்

பொருளாதாரக் கோட்பாடுகளை நடப்பு உலகின் எண்களை வைத்துச் சோதிக்கும் துறைக்கு எகனாமெட்ரிக்ஸ் என்று பெயர். விலை ஏறினால் வாங்குவது குறையும் என்று கோட்பாடு சொல்லும். எவ்வளவு ஏறினால் எவ்வளவு குறையும், குறைந்ததற்கு விலைதான் காரணமா என்பதையெல்லாம் கண்டுபிடிப்பது இந்தத் துறையின் வேலை.

இந்தப் பெயரின் வேர்கள் கிரேக்கச் சொற்கள்: ஓய்கோஸ் என்றால் வீடு, நோமோஸ் என்றால் ஒழுங்கு, மெட்ரான் என்றால் அளவு. நார்வே அறிஞர் ராக்னர் ஃப்ரிஷ் 1926இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையில், கணிதம், புள்ளியியல், பொருளியல் மூன்றும் கூடுமிடத்தில் உருவாகிவந்த துறைக்கு இந்தப் பெயரை வைத்தார். 1910லேயே பாவெல் சியோம்பா என்பவர் இதே சொல்லைக் கணக்குப்பதிவு தொடர்பாகப் பயன்படுத்தியிருந்தார். ஆனால் இன்றைய பொருள் ஃப்ரிஷ் தந்ததுதான். 1969இல் பொருளியலுக்கு முதன்முதலாக நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, அதை அவரும் நெதர்லாந்தின் யான் டின்பெர்கனும் பகிர்ந்துகொண்டார்கள்.

பெயரில் அளவு இருப்பதால் வெறும் அளத்தல் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி மூர் 1914இல் வார்ப்பிரும்பின் விலையையும் விற்பனை அளவையும் வைத்துக் கணக்கிட்டார். விலை ஏறும்போது வாங்குவதும் ஏறுவதாக வந்தது. எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோட்டுக்குத் தேவைக்கோடு என்று பெயர். அதில் புதுவகை ஒன்றைக் கண்டதாக அவர் அறிவித்தார்.

எண்களில் தவறில்லை. அவற்றுக்குச் சொன்ன பொருளில்தான் தவறு. ஒவ்வோர் ஆண்டின் விலையும் வாங்குபவரும் விற்பவரும் சந்திக்கும் ஒரு புள்ளி. தொழில் செழிக்கும் ஆண்டில் எல்லோருக்கும் இரும்பு கூடுதலாக வேண்டும், அதனால் விலையும் ஏறும், விற்பனையும் ஏறும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் கிடைப்பது விற்பவர்களின் போக்கு, அதாவது எந்த விலையில் எவ்வளவு விற்க முன்வருவார்கள் என்று காட்டும் அளிப்புக்கோடு. மூர் அதைத் தேவைக்கோடு என்று எடுத்துக்கொண்டார். நமக்குக் கண்ணில் படுவது புள்ளிகள் மட்டுமே. தேவைக்கோட்டையோ அளிப்புக்கோட்டையோ யாரும் நேரில் பார்த்ததில்லை.

சரி, இரண்டையும் எப்படிப் பிரிப்பது? 1928இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிலிப் ரைட், எண்ணெய்களுக்கான இறக்குமதி வரி பற்றிய தம் நூலின் பின்னிணைப்பில் வழி சொன்னார். ஒரு பக்கத்தை மட்டும் அசைக்கும் காரணம் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். விளைச்சல் பொய்த்தால் அளிப்பு குறையும், வாங்குபவரின் விருப்பம் அப்படியே இருக்கும். அப்போது விலை எவ்வளவு ஏறி, விற்பனை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் தேவைக்கோடு பிடிபடும். இப்படிப் பயன்படும் காரணத்தைக் கருவி மாறி என்கிறோம். ஒரு பின்னிணைப்பில் இருந்த இந்த யோசனை, என் பார்வையில், இந்தத் துறையிலேயே மிக அழகானது. பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பிற்காலத்தில் பொருளியலாளர் கேத்ரின் கிராடி, நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையின் தேவையை இதே முறையில் ஆராய்ந்தார். அங்கே கருவி மாறி, கடலின் வானிலை. கடல் கொந்தளித்தால் வரத்து குறைந்து மீன் விலை ஏறும். ஆனால் கரையில் இருப்பவர் எவ்வளவு மீன் கேட்பார் என்பதை நடுக்கடல் அலை தீர்மானிப்பதில்லை.

இனி தமிழ்ச் சொல். பொருளாதார அளவியல், பொருளாதார அளவையியல் என்று இரண்டு வடிவங்கள் புழங்குகின்றன. எனக்கு இரண்டாவதே சரி என்று படுகிறது. அளவியல் என்றால் அளத்தலோடு நின்றுவிடும். அளவை என்ற சொல்லுக்கோ இரண்டு பொருள். எடுத்தலளவை, முகத்தலளவை என்னும்போது அது அளக்கும் முறை. தத்துவ நூல்களில் அது உண்மையை அறியும் வழி. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை ஆகியவற்றை அளவைகளாகச் சொல்கிறது. கண்ட புகையிலிருந்து காணாத நெருப்பை அறிவது கருதல். சந்தையில் கண்ட விலைகளிலிருந்து காணாத தேவைக்கோட்டை அறிவதும் கருதல்தான். தர்க்கத்தையும் அளவையியல் என்று சொல்வதால் குழப்பம் வரும் என்பார்கள். முன்னால் 'பொருளாதார' என்று இருக்கும்போது அந்தக் குழப்பம் வராது. இத்துறை அறிஞரைப் பொருளாதார அளவையியலாளர் என்று சொல்லலாம். சொல் கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் முழுதாக வருகிறது.