பால் கொடுக்கிற அம்மாவுக்குப் பட்டினி எதற்கு?

இந்தக் கிழமையும் ஒருத்தர் வந்தார். பிள்ளைக்கு மூன்று மாதம். காலையில் சுடுதண்ணீரில் தேசிக்காய், மதியமும் இரவும் ஃபேஸ்புக்கில் வாங்கிய ஏதோ ஒரு ஷேக், இடையில் பசித்தால் வெள்ளரிக்காய். "வாற மாசம் தங்கச்சியின்ர கலியாணம் டொக்டர், ஒரு பிளவுஸும் ஏறுதில்லை" என்றார். தலை சுற்றுகிறதாம், முடி கொட்டுகிறதாம், பாலும் குறைந்த மாதிரி இருக்கிறதாம், பால் கூட மருந்து வேண்டுமாம். பிள்ளையின் பதிவேட்டைத் திறந்தால் நிறைக்கோடு ஏறாமல் படுத்துக் கிடக்கிறது. மருந்தா? சோறு சாப்பிடுங்கோ பிள்ளை என்றேன். (பிரசவத்துக்குப் பிறகு சில மாதத்தில் முடி கொட்டுவது பலருக்கும் வருவதுதான், அதற்கு நான் ஷேக்கைக் குற்றம் சொல்ல மாட்டேன். மற்றதற்குச் சொல்வேன்.)

இதற்கெல்லாம் ஆரம்பம் ஒரு நம்பிக்கை: பால் கொடுத்தால் உடம்பு தானாக வற்றிவிடும். வெள்ளவத்தையில் எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு அன்ரி இதைச் சொல்வார். பாதி உண்மை என்பதால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல். தாய்ப்பால் மட்டும் கொடுக்கிற அம்மாவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லிலீற்றர் பால் சுரக்கும், அதற்கு 500 கலோரி அளவில் செலவாகும், சரி. ஆனால் உடம்பு அவ்வளவையும் இடுப்புக் கொழுப்பிலிருந்து எடுத்துத் தராது, பசியைக் கூட்டிவிடும். அதோடு "குடிச்சால்தான் பால் ஊறும்" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கப் மோல்ட் பால் வரும், பிளேன்டீ வரும், கூடவே பிஸ்கட் வரும். கப்புக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் ஐந்து கப்பில் பத்துக் கரண்டி, அதுவே 160 கலோரிக்கு மேல். பால் ஊறுவது பிள்ளை உறிஞ்சி மார்பு காலியாவதால், மோல்ட்டால் அல்ல. ஆக நிறை இறங்காது, எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று அந்தப் பெண் நினைப்பார், அடுத்த நாளே ஷேக் விற்கிறவருக்கு வட்ஸ்அப் போகும். சிலருக்குப் பால் கொடுக்கும்போது நிறை குறையும், சிலருக்கு நிறுத்திய பிறகுதான் அசையும். இரண்டுமே வழமைதான்.

முதல் ஆறு கிழமைக்கு டயட் என்ற பேச்சே வேண்டாம். பால் நன்றாகப் பிடித்த பிறகு கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம். 1500 கலோரிக்குக் கீழே போகவே கூடாது, பெரும்பாலானவர்களுக்கு 1800க்கு மேலேயே தேவை. கணக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது, தெரியும். சீனி, பிஸ்கட், ரோல்ஸ், சோடாவைக் குறையுங்கள். சோறு, பருப்பு, மீன், முட்டை, முருங்கையிலை வறை, இவற்றில் கை வைக்காதீர்கள். சரக்குக் கறியும் உள்ளியும் பால்சுறாப் புட்டும் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்று செம்பை ஒளித்து வைக்கிற அம்மம்மாமார் தயவுசெய்து அதை விடுங்கள். கிளினிக்கில் தருகிற திரிபோஷ சத்துமா உங்களுக்குத்தான், மூத்த பிள்ளைக்கு உருண்டை பிடித்துக் கொடுக்க அல்ல. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் விற்றமின் பி12 பற்றிக் கேளுங்கள், அம்மாவிடம் குறைந்தால் பாலிலும் குறையும்.

நடந்தால் பால் புளிக்காது. பால் கொடுத்துவிட்டு பின்னேரம் மரைன் டிரைவில் அரை மணித்தியாலம் நடங்கள், பிள்ளையையும் தள்ளிக்கொண்டு போகலாம். சிசேரியன் என்றால் கடினமான பயிற்சிக்கு முன் காட்டிக் கேளுங்கள்.

கீட்டோ வேண்டவே வேண்டாம். பால் கொடுக்கும்போது மாச்சத்தை அடியோடு நிறுத்தி, இரத்தம் அமிலமாகி, வாந்தியும் மூச்சு வாங்கலுமாக ஆஸ்பத்திரியில் படுத்த அம்மாமார் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஸ்லிம்மிங் டீ பலதில் இருப்பது பேதி மருந்து. மூலிகை என்று விற்ற மாத்திரைகளுக்குள் சிபுட்ரமின் என்ற தடைசெய்யப்பட்ட பசியடக்கி மருந்து பிடிபட்டிருக்கிறது. இப்போது எல்லோரும் கேட்கிற அந்த நிறை குறைக்கிற ஊசியும் இந்தக் காலத்துக்கு இல்லை.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கு: "என்ன இப்பிடிப் பெருத்திட்டாய்?" என்று கேட்கத்தான் பம்பலப்பிட்டியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தீர்களா? ஒரு நேரச் சாப்பாடு சமைத்துக் கொண்டு போங்கள், அந்த அம்மா ஒரு மணித்தியாலம் நித்திரை கொள்ளட்டும்.

முயற்சி எதுவும் இல்லாமலே நிறை கடகடவென்று இறங்கி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கினால் சந்தோஷப்படாதீர்கள், பிரசவத்துக்குப் பிறகு தைரொயிட் குழம்புவது அபூர்வமில்லை. கர்ப்பத்தில் சீனி வருத்தம் இருந்தவர்கள், பிள்ளை பிறந்ததோடு போய்விட்டது என்று இருக்காமல், 6 முதல் 12 கிழமைக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்கிற இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டில் எதையும் குறைக்க முன் உங்கள் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.