டேனிஷ் கேம்பிட்: வாங்கிய சிப்பாயைத் திருப்பிக் கொடுத்துத் தப்பிக்கும் கருப்பு

செஸ்ஸில் கேம்பிட் என்பது ஒரு பேரம். ஒருவர் சிப்பாயைக் கொடுத்து நேரத்தை, அதாவது காய்களைச் சீக்கிரம் வெளியே கொண்டுவரும் வாய்ப்பை, வாங்குவார். டென்மார்க் வீரர் மார்ட்டின் செவரின் ஃப்ரம் 1867-இல் பாரிஸ் போட்டியில் ஆடிய டேனிஷ் கேம்பிட்டில் இந்தப் பேரம் பச்சையாகவே தெரியும்.

கட்டத்தின் பெயரில் ஏ முதல் எச் வரையான எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை; வெறும் கட்டத்தின் பெயர் மட்டும் சொன்னால் சிப்பாய் அங்கே போகிறது என்று பொருள். வெள்ளை ஈ4, கருப்பு ஈ5. அடுத்து டி4 என்று நீட்டுகிறது வெள்ளை, கருப்பு வெட்டுகிறது. சி3 வருகிறது, அதையும் வெட்டுகிறது. வெள்ளை மந்திரி சி4-க்கு வர, கருப்பு பி2-வையும் தின்கிறது. கடைசியில் இன்னொரு மந்திரி அந்தச் சிப்பாயை பி2-வில் வெட்டி உட்காருகிறது.

இப்போது பலகையைப் பாருங்கள். கருப்பு ஆடிய நான்கு நகர்த்தலையும் ஒரே சிப்பாய் தின்று தீர்த்துவிட்டு, தானும் காணாமல் போய்விட்டது. கருப்பின் மற்ற காய்கள் எல்லாம் ஆட்டம் தொடங்கிய இடத்திலேயே இருக்கின்றன. வெள்ளையின் இரண்டு மந்திரிகளோ எஃப்7, ஜி7 இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் குறிபார்க்கின்றன. எஃப்7-க்குக் காவல் ராஜா மட்டும்தான். கருப்புக்கு இரண்டு சிப்பாய் கூடுதல், சரி. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு அழுதால் ராஜா தாங்காது.

ஆஸ்திரிய வீரர் கார்ல் ஷ்லெக்டர் பெயரில் வழங்கும் பதில் டி5. எனக்கு மிகவும் பிடித்த தற்காப்பு இது. ஒரே நகர்த்தலில் சி4 மந்திரியைத் தாக்குகிறது, எஃப்7-க்குப் போகும் பாதையை மறிக்கிறது, சி8-இல் அடைபட்ட சொந்த மந்திரிக்கு வழிவிடுகிறது. மந்திரி டி5-ஐ வெட்டினால் குதிரை எஃப்6-க்கு வந்து அதை மிரட்டும். அப்புறம்தான் வேடிக்கை. வெள்ளை மந்திரி எஃப்7-இல் பாய்ந்து செக் வைக்கிறது. ராஜா அதை வெட்டுகிறது. டி8-இல் ராணிக்குக் காவல் போய்விட்டதால் வெள்ளை ராணி அதைத் தூக்கிவிடுகிறது. முதல் முறை ஆடுகிறவருக்கு இங்கே வயிற்றைக் கலக்கும். ஆனால் கருப்பு மந்திரி பி4-இல் செக் வைக்கிறது. அது எஃப்8-ஐ விட்டு நகர்ந்ததும் எச்8 யானையின் பார்வை நேராக டி8-இல் நிற்கும் வெள்ளை ராணிமேல் விழுகிறது. ராணி டி2-க்கு ஓடிவந்து செக்கை மறைக்க வேண்டியதுதான். அங்கே மந்திரி அதை வெட்ட, குதிரை மந்திரியை வெட்டுகிறது.

எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் ஐந்து ஐந்து சிப்பாய், மற்ற காய்களும் சமம். ராணிகள் இல்லாததால் வெள்ளையின் தாக்குதல் அப்படியே அடங்கிவிட்டது. ராணிப் பக்கம் கருப்புக்கு மூன்று சிப்பாய், வெள்ளைக்கு ஒன்றுதான். ராஜா பக்கம் வெள்ளைக்கு நான்கு, கருப்புக்கு இரண்டு.

இதை விரும்பாத வெள்ளை, டி5-ஐ மந்திரிக்குப் பதில் ஈ4 சிப்பாயால் வெட்டலாம். அப்போது சி4 மந்திரியின் பாதையைச் சொந்தச் சிப்பாயே அடைத்துக்கொள்ளும். கருப்பு குதிரையை எஃப்6-க்கும் மந்திரியை டி6-க்கும் கொண்டுவந்து கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்துவது) செய்துவிடும், கையில் இன்னும் ஒரு சிப்பாய் மிச்சத்துடன்.