மரபியல் பாடம் வீட்டுக்குப் போகும்போது

ஆசிரியர் பணிக்கு வந்த புதிதில், மரபியல் பாடத்தை நாக்கில்தான் தொடங்குவேன். "எல்லாரும் நாக்கை நீட்டுங்க. ரெண்டு ஓரத்தையும் மேலே சுருட்டிக் குழாய் மாதிரி ஆக்குங்க பார்ப்போம்." வகுப்பே கலகலப்பாகிவிடும். சுருட்ட வருகிறவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் மறுபக்கம். சுருட்டுவது ஓங்கு பண்பு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும்; அதற்குப் பெரிய எழுத்து. வராதது ஒடுங்கு பண்பு, இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும்; அதற்குச் சின்ன எழுத்து என்று கரும்பலகையில் எழுதுவேன். பட்டாணிச் செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்டறிந்த மெண்டல் ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஒருமுறை, மறுநாள் ஒரு மாணவி எல்லாரும் வெளியே போகும்வரை காத்திருந்து என் மேசைக்கு வந்தாள். "மிஸ், எங்கம்மாவுக்கும் வரல, அப்பாவுக்கும் வரல. எனக்கு மட்டும் வருது. நீங்க சொன்னபடி பார்த்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். மீதியை நானே புரிந்துகொண்டேன். இரண்டு சின்ன எழுத்து உள்ள பெற்றோர் இருவருக்கும் பெரிய எழுத்து உள்ள பிள்ளை பிறக்காது என்று முந்தின நாள் எழுதிப் போட்டது நான்தானே. ஓர் இரவு முழுக்க அவள் அதைச் சுமந்திருக்கிறாள்.

அந்தப் பாடமே தப்பு என்பது அதற்குப் பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. நாக்கு சுருட்டுவதை மரபுப் பண்பாக 1940-இல் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட். குரோமோசோமில் ஜீன்கள் (மரபணுக்கள்) இருக்கும் வரிசையை முதன்முதலில் வரைபடமாக்கிய அறிஞர் அவர். 1952-இல் ஒரே உருவ இரட்டையர் 33 ஜோடிகளைச் சோதித்தார்கள். அதில் 7 ஜோடிகளில் ஒருவருக்குச் சுருட்ட வந்தது, மற்றவருக்கு வரவில்லை. மரபணு ஒன்றாகவே இருக்கும் இரட்டையரிடமே இப்படி என்றால், ஒற்றை ஜீன் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஸ்டர்ட்டவன்டே 1965-இல், இது இன்னும் நிரூபிக்கப்பட்ட உதாரணமாகப் புத்தகங்களில் வருவது தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று எழுதினார். அதற்கப்புறமும் எத்தனையோ வகுப்பறைகளில் பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். என் வகுப்பும் அதில் ஒன்று.

அந்த மாணவியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது எனக்குள் ஒரு பயம் வந்தது. வந்து கேட்க அவளுக்குத் தைரியம் இருந்தது. கேட்காமலே இருந்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ?

மெண்டலின் பட்டாணியை நாம் தோட்டத்தில் விட்டுவிட்டு வரலாம். மரபியலைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அம்மாவின் கண்ணை, அப்பாவின் காதை, தம்பியின் நிறத்தை அதை வைத்து அளந்து பார்ப்பார்கள். ஒட்டிய காது மடல், ஒட்டாத காது மடல் என்று இரண்டாகப் பிரிப்பதும் நாக்கைப் போலத்தான். அதன் பின்னால் பல ஜீன்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே எல்லா அளவிலும் காதுகள் இருக்கின்றன. நீலக் கண் பெற்றோருக்குப் பழுப்புக் கண் பிள்ளை பிறப்பதும் நடக்கக்கூடியதே. இந்தப் பண்புகளை வைத்து "உங்கள் குடும்பத்தைக் கணக்கெடுத்து வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுப்பதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன்.

ரத்த வகை ஒற்றை ஜீன் கணக்குக்குப் பொருந்தும் உண்மையான மெண்டல் பண்பு, அதைக் கேட்கலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். அதுதான் இன்னும் ஆபத்து. தத்தெடுக்கப்பட்ட பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அது அந்தப் பிள்ளைக்கே தெரியாமலும் இருக்கலாம். அப்புறம், விதிக்கு விலக்கும் உண்டு. பாம்பே வகை என்ற அரிய ரத்த வகை 1952-இல் பதிவானது. ஏ, பி வகைகளுக்கு அடித்தளமான ஹெச் என்ற பொருள் இவர்களிடம் உருவாவதில்லை. அதனால் ஏ அல்லது பி ஜீன் இருந்தும் வழக்கமான சோதனையில் ஓ என்றே தெரியும். பெற்றோரின் ஜீன்களைக் கட்டம் போட்டுச் சேர்த்துப் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? ரத்த வகையைக் கற்பனைக் குடும்பங்களை வைத்துத்தான் நடத்துகிறேன். ஒரு பண்பு தலைமுறை தலைமுறையாக வருவதைக் காட்டும் கால்வழி வரைபடத்துக்கு விக்டோரியா மகாராணியின் குடும்பம் இருக்கிறது. ஒன்பது பிள்ளைகளில் லியோபோல்டுக்கு ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோய். ஆலிஸ், பியாட்ரிஸ் இருவரும் நோயில்லாமல் அந்த ஜீனை அடுத்த தலைமுறைக்குக் கடத்தியவர்கள். எல்லாருக்கும் தெரிந்த குடும்பம், வகுப்பில் யார் மனமும் புண்படாது.

அடுத்து "ஓங்கு" என்ற சொல். அதைக் கேட்டதுமே பிள்ளைகள் மனதில் ஒரு மல்யுத்தம் நடக்கிறது. ஓங்கு ஜீன் பலசாலி, ஒடுங்கு ஜீன் தோற்றுப்போனது, ஓங்கு பண்புதான் ஊரெல்லாம் பரவியிருக்கும் என்று எழுதுகிறார்கள். ஆறு விரல் பெரும்பாலும் ஓங்கு பண்பாகவே கடத்தப்படுகிறது, ஆனால் நம்மில் அநேகமாக எல்லாருக்கும் ஐந்து விரல்தான். மூளையைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய் ஓங்கு பண்பு, அது அரிது. ஓ ரத்த வகை ஒடுங்கு பண்பு, அது ஏராளம். இந்த மூன்றையும் சொன்னாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு மெண்டலின் சுருங்கிய பட்டாணியையே உடைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உருண்டையான விதையில் மாவுச்சத்துச் சங்கிலியில் கிளைகளை உண்டாக்கும் ஒரு நொதி இருக்கிறது. சுருங்கிய வகையில் அந்த நொதிக்கான ஜீனுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்து அதைக் கெடுத்துவிட்டது. இது 1990-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நொதி இல்லாததால் மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை தங்குகிறது, சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது, விதை ஊதிப் பெருக்கிறது. காயும்போது தண்ணீர் போய்த் தோல் சுருங்குகிறது. சரி, ஒரு நல்ல ஜீனும் ஒரு கெட்ட ஜீனும் இருந்தால்? ஒரு நல்ல ஜீன் செய்யும் நொதியே விதையை உருண்டையாக வைக்கப் போதும். யாரும் யாரையும் அடக்கவில்லை. அந்த விதையின் மாவு மணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரண்டு வகைக்கும் இடைப்பட்டு இருக்கும். கண்ணுக்கு ஓங்கு பண்பு, நுண்ணோக்கிக்கு நடுத்தரம். இதைச் சொன்னதும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும். அந்த அமைதிக்காகவே வருடா வருடம் இதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குகிறேன்.

கடைசியாக, தேர்வில் மதிப்பெண் வாங்கித் தந்துவிட்டு வாழ்க்கையில் ஏமாற்றும் ஒன்று: நான்கில் ஒன்று. பெற்றோர் இருவரும் நோயில்லாமல் ஒரு ஒடுங்கு நோய் ஜீனைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு அது. பெற்றோரின் ஜீன்கள் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் புன்னட் கட்டத்தில் நான்கு அறை இருப்பதால், நான்கு பிள்ளை பிறந்தால் சரியாக ஒன்றுக்கு நோய் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்றும் நினைக்கிறார்கள். பெரியவர்களும் இப்படி நம்பியதை நான் கேட்டிருக்கிறேன்.

இதற்கு நாணயம்தான் மருந்து. இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆளுக்கு ஒரு நாணயம் கொடுப்பேன். ஒன்று தாய், ஒன்று தந்தை. தலை ஓங்கு, பூ ஒடுங்கு. இரண்டும் பூ விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு நோய். நான்கு முறை சுண்டினால் ஒரு குடும்பம். நாற்பது பேர் வகுப்பில் இருபது குடும்பங்கள் கிடைக்கும். பலகையில் வரிசையாக எழுதினால், சரியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் நோய் வரும் குடும்பங்கள் பாதிகூடத் தேறாது; கணக்குப்படி 42 சதவீதம்தான். மூன்றில் ஒரு குடும்பத்துக்கு ஒருவருக்குமே வராது. சிலருக்கு இரண்டு, எப்போதாவது மூன்று. "எங்களுக்கு மூணு பிள்ளைக்கும் நல்லா இருந்துச்சு, நாலாவதுக்குக் கண்டிப்பா வரும்னு நினைச்சோம், வரல" என்று ஒரு பையன் சொன்னான். "நாணயத்துக்கு முன்னாடி விழுந்தது ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டேன். எண்பது பிள்ளைகளையும் மொத்தமாகக் கூட்டினால்தான் இருபதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

மெண்டலுக்கும் இதுதான் நடந்தது. அவர் எண்ணிய 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை, விகிதம் 2.96:1. தனித்தனிச் செடியாகப் பார்த்தபோது ஒன்றில் 43 உருண்டைக்கு 2 சுருங்கியவை, இன்னொன்றில் 14-க்கு 15. அப்படி ஒரே ஒரு செடியோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு விதியே கிடைத்திருக்காது. மூன்றுக்கு ஒன்று என்று மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன்னால் இந்த எண்களைக் காட்டிவிடுங்கள்.

நாணய வகுப்பு முடிந்த ஒரு நாள், ஒரு மாணவன் பையை மாட்டிக்கொண்டே கேட்டான்: "மிஸ், என் தம்பிக்குத் தலாசீமியா. எனக்கும் அந்த ஜீன் இருக்குமா?" தலாசீமியா ஒடுங்கு பண்பாக வரும் ரத்த நோய். நோயில்லாத உடன்பிறப்பு கடத்துநராக, அதாவது நோயில்லாமல் அந்த ஜீனைச் சுமப்பவராக, இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. புத்தகத்தில் உள்ள கணக்குதான், ஆனால் வாசற்படியில் நிற்க வைத்துச் சொல்லும் விஷயம் இல்லை. உட்காரச் சொன்னேன். கடத்துநராக இருப்பது நோய் அல்ல என்று முதலில் சொன்னேன். தம்பிக்கு வந்ததற்கு அம்மாவோ அப்பாவோ யாரும் குற்றவாளி இல்லை என்றும், இருக்கிறதா இல்லையா என்பது ரத்தப் பரிசோதனையில் தெரியும், எப்போது செய்வது என்பதைப் பெற்றோரோடு போய் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம் என்றும் சொன்னேன். அதன் பிறகுதான், அவன் கேட்டதால், கட்டத்தை வரைந்து நோயுள்ள அறையை அடித்துவிட்டு மீதி மூன்றைக் காட்டினேன். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட காட்டலாமா மிஸ்? அவங்கதான் எப்பவும் தன்மேலேயே பழி போட்டுக்கறாங்க" என்றான்.