ஒரே கணக்கு, 202 விடைகள்

சரக்கு லிஃப்ட் ஒன்று அதிகபட்சம் 600 கிலோதான் தூக்கும். ஏற்ற வேண்டியவை இரண்டு வகைப் பெட்டிகள்: பெரியது 40 கிலோ, சிறியது 25 கிலோ. ஒரு நடையில் எத்தனை எத்தனை ஏற்றலாம்?

பெரியவற்றின் எண்ணிக்கை ‘பெ’, சிறியவற்றின் எண்ணிக்கை ‘சி’ என்றால் மொத்த எடை 40பெ + 25சி. அது 600-ஐத் தாண்டக் கூடாது. சரியாக 600 என்றால் பரவாயில்லை. ஆக, 40பெ + 25சி ≤ 600. ஐந்தால் வகுத்தால் 8பெ + 5சி ≤ 120. ‘அதிகபட்சம்’ என்று படித்ததும் பலர் கை தானாக ≥ போட்டுவிடும். எது எதைத் தாண்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டால் குறி தப்பாது.

சரி, இனி வரைபடம். முதலில் ≤ இருக்கும் இடத்தில் = போட்டுப் பாருங்கள். பெரியது இல்லாவிட்டால் சிறியவை 24. சிறியது இல்லாவிட்டால் பெரியவை 15. கிடை அச்சில் பெ, செங்குத்து அச்சில் சி என வைத்து (0, 24), (15, 0) இரண்டையும் இணைத்தால் நேர்கோடு கிடைக்கும். 600-க்குக் கண்டிப்பாகக் குறைய வேண்டும் என்றிருந்தால், கோடு விடையில் சேராது. அப்போது அதை இடைவெளி விட்டு, துண்டு துண்டாக வரைவார்கள்.

கோட்டின் எந்தப் பக்கம் நமக்கு வேண்டியது? (0, 0) புள்ளியைப் போட்டால் 0 ≤ 120, உண்மை. காலி லிஃப்ட்டுக்குப் பாரம் ஏது! அந்தப் பக்கம் முழுவதும் சரி. ஒரே ஒரு புள்ளியைச் சோதித்துவிட்டு இப்படிச் சொல்லலாமா? சொல்லலாம். தளத்தில் நகர நகர 8பெ + 5சி-இன் மதிப்பு தாவாமல் சீராகவே மாறும். 120-க்குக் கீழிருந்து மேலே போக வேண்டுமானால் வழியில் 120-ஐத் தொட்டாக வேண்டும். 120 இருப்பதோ கோட்டின் மேல் மட்டும்தான். கோட்டைக் கடக்காதவரை உண்மை பொய்யாகாது.

அப்புறம், பெட்டிகளின் எண்ணிக்கை குறை எண்ணாக இருக்காது. அதனால் மிஞ்சுவது ஒரு முக்கோணம். அதிலும் அரைப் பெட்டி கிடையாது, முழு எண் புள்ளிகள் மட்டுமே விடை. பெரியவை 7 என்றால் சி ≤ 12.8. வழக்கம்போல 13 என்று முழுதாக்கினால் எடை 605 கிலோ ஆகிவிடும்; 12-க்குத்தான் இறங்க வேண்டும்.

காலி லிஃப்ட்டையும் சேர்த்து எண்ணினால் விடைகள் மொத்தம் 202. சரியாக 600 கிலோ வருபவை நான்கே: (0, 24), (5, 16), (10, 8), (15, 0).