இடுப்புத் தசை இறுக்கம்: தினமும் நாமே நீவிக்கொள்வது எப்படி?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பு வலி என்று வரும்போது, எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்வேன். பலருடைய விரல் முதுகெலும்பில் நிற்பதில்லை. இடுப்பெலும்பின் விளிம்புக்குக் கீழே, பிட்டத்தின் பக்கவாட்டில் போய் நிற்கும். சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழுமாக ஊன்றி, சுமையோடு மணிக்கணக்கில் நிற்கும் உடல் ஒருபுறம் சாய்ந்துவிடாமல் தாங்குபவை அங்குள்ள தசைகளே. மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே நாள்தோறும் வண்டி ஓட்டுபவர்களுக்கோ, நெடுநேரம் மடங்கியே இருக்கும் தொடை மடிப்புத் தசைகள் இறுகிவிடுவதால், இறங்கியவுடன் நிமிர்ந்து நடப்பது சிரமமாகிறது.

இவ்விரு வகையினருக்கும் தினமும் தாமே நீவிக்கொள்ளும்படி நான் வற்புறுத்திச் சொல்கிறேன். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் வெந்நீரில் குளித்தபின் செய்வது நல்லது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, பிட்டத்தின் பக்கத் தசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்த்தினால் பந்து மேலும் கீழும் உருளும். கூடுதலாக வலிக்கும் இடம் அகப்பட்டதும், மூச்சை அடக்காமல், அங்கேயே 30 வினாடிகள் நிறுத்தலாம். ஒரு பக்கத்துக்கு 2 நிமிடங்கள் போதும். பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டிய அளவுக்கு அழுத்தக் கூடாது. பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் எலும்பின் மேல் பந்து ஏறக் கூடாது. காலில் மரமரப்போ சுரீரென்ற வலியோ இறங்கினால், பிட்டத்தின் ஆழத்தில் செல்லும் நரம்பு அழுத்தப்படுகிறது என்று பொருள். உடனே பந்தை நகர்த்த வேண்டும். முன்தொடையை உட்கார்ந்தபடி உள்ளங்கையால் நீவினாலே போதும். நாடி துடிக்கும் கவட்டைப் பகுதியை ஆழமாக அழுத்த வேண்டாம்.

தசையில் இருக்கும் முடிச்சு இதனால் கரைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், நீவும்போது நரம்பு மண்டலம் வலியுணர்வைத் தணித்து, தசை நீள்வதற்குச் சற்று இடம் கொடுக்கிறது. அந்தத் தளர்வு சில நிமிடங்களே, மிஞ்சினால் அரை மணி நேரமே நிற்கும். ஆகவே நீவி முடித்த கையோடு ஒரு காலை முன்வைத்து, பின்காலின் தொடை மடிப்பை நீட்ட வேண்டும். பிறகு ஒருக்களித்துப் படுத்து மேல்காலை 10 முறை உயர்த்தி இறக்க வேண்டும். நீவுவதோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதே வலியோடு திரும்பி வருவதைத்தான் காண்கிறேன்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த மாவட்டத்தில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகை நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இருப்பது 1952லேயே பதிவாகியிருக்கிறது. இந்நோய் உள்ளவர்களுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் செல்வது தடைப்பட்டு, அந்த எலும்பு அழியக்கூடும். அப்போது வலி பெரும்பாலும் கவட்டையில் தெரியும். சம்மணமிட்டு உட்காருவது கடினமாகும். கூடலூர், பந்தலூர்ப் பகுதி இளைஞர்கள் இதைத் தசைப் பிடிப்பென்று எண்ணி நீவிக்கொண்டிருக்கக் கூடாது. தொடக்கக் கட்டத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கலாம் என்பதால், அதன் பிறகும் வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.