பின் மாறினால் வோல்ட் மாறாது

போன செவ்வாய்க்கிழமை காலை, கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோதே ஒரு அக்கா துணிப்பையோடு வந்து நின்றார். பைக்குள் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர், வாயால் கேட்டால் பதில் சொல்லும் ரகம். பையைத் திறந்ததுமே கருகிய வாடை அடித்தது. அவருடைய அப்பாவுக்குக் கிளாக்கோமாவால் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. மணி கேட்கவும், செய்தி கேட்கவும், விரும்பும்போது பாட்டுப் போட்டுக்கொள்ளவும் யாரையும் கூப்பிட வேண்டாமே என்று அமெரிக்க இணையக் கடை ஒன்றில் தள்ளுபடி பார்த்து ஆர்டர் போட்டிருக்கிறார்கள். வந்து சேர ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. பிளக்கில் மாட்டி சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். அப்பா ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை.

"ரெண்டு தட்டைப் பின் இருந்துச்சு, நம்ம சாக்கெட்ல போகல. அதுக்குத்தான் எலக்ட்ரிக்கல் கடைல அடாப்டர் வாங்கி மாட்டினோமே சார்!"

இந்த மாதத்தில் இதே வாக்கியத்தை நான்காவது முறையாகக் கேட்கிறேன். திருச்சியில் இருபத்திரண்டு வருடமாக எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் செய்கிறேன். இதற்குமேல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் ஐம்பது, நூறு ரூபாய்க்கு வாங்குகிற அந்தப் பொருளின் பெயர் கன்வெர்ஷன் பிளக். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு மூன்று பித்தளைத் தகடுகள்தான் இருக்கும். தட்டைப் பின்னை உருண்டைப் பின்னாக மாற்றும். அதற்குமேல் ஒரு வேலையும் அதற்குத் தெரியாது. சுவரில் வரும் 230 வோல்ட்டும் அப்படியே அந்தப் பக்கம் போய்விடும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100. அந்த அளவுக்கு மட்டும் செய்த பொருளுக்கு நம் வீட்டுச் சாக்கெட் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இலங்கையிலும் 230 தான், அங்கே இருக்கும் உறவுகளுக்கும் இதே கதைதான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். நம் ஊரில் வெளிநாட்டுச் சாமான் என்றால் சிங்கப்பூர், மலேசியா, துபாய். மாமா கொண்டுவந்த டேப் ரெக்கார்டர், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி எல்லாம் பின்னை மாற்றியதும் வருடக்கணக்கில் ஓடின. அந்த நாடுகளிலும் மின்சாரம் 220, 230, 240 பக்கம்தான், அதனால் ஓடின. இங்கிலாந்தும் அப்படியே. அங்கெல்லாம் வித்தியாசம் உண்மையிலேயே பின்னில் மட்டும்தான் இருந்தது. இரண்டு தலைமுறையாகச் சரியாக இருந்த பழக்கத்தை அமெரிக்கப் பொருளுக்கும் அப்படியே நீட்டிவிட்டோம்.

அடுத்த வாதம் இன்னும் உறுதியாக வரும். "அமெரிக்கால வாங்கின லேப்டாப் சார்ஜர் இங்க ஓடுதே சார், போன் சார்ஜர் ஓடுதே?" ஓடும். ஏனென்றால் அதன் மேல் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது. எந்த ஊர் மின்சாரத்தையும் ஏற்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். ஸ்மார்ட் ஸ்பீக்கர்களிலும் பலவற்றுக்கு அப்படிப்பட்ட பவர் அடாப்டர்தான் வருகிறது. கன்வெர்ஷன் பிளக்கைச் சொல்லவில்லை, சார்ஜர் மாதிரி வயரோடு வரும் பெட்டியைச் சொல்கிறேன். பயமில்லாமல் மாட்டலாம். ஆனால் 'பல' என்றால் 'எல்லாம்' இல்லை. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்ட அடாப்டர்களை என் மேஜையில் நானே பார்க்கிறேன். எந்த கம்பெனி, எவ்வளவு விலை என்பதை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்டிக்கரைப் படித்துத்தான் சொல்ல முடியும். பொடி எழுத்துதான். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 'இன்புட்' என்று தொடங்கும் வரியில் 240 இருந்தால் சரி. 120 மட்டும் இருந்தால் சாக்கெட் பக்கமே போக வேண்டாம்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவரில் வரும் ஏசி மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவது; அது உள்ளே போனதும் ஒரே திசையில் ஓடும் டிசியாகி, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். 120 வோல்ட் என்றால் அங்கே ஏறக்குறைய 170 நிற்கும், அதனால் 200 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரைப் போட்டிருப்பார்கள். நம் 230 போனால் அங்கே 325 நிற்கிறது. 'டப்' அதுதான். தனி அடாப்டர் உள்ள ஸ்பீக்கர் என்றால் பெரும்பாலும் அடாப்டரோடு போகும், ஸ்பீக்கர் தப்பிக்கும். அடாப்டரின் வேலையைச் செய்யும் பவர் சப்ளை ஸ்பீக்கருக்கு உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் சேதம் நேராகப் போர்டில்தான்.

அப்படி உள்ளே பவர் சப்ளை இருக்கிற மாடல்களில் இன்னொரு பொறி உண்டு. பின்னால் எட்டு வடிவத்தில் ஒரு துளை இருக்கும். நம் வீட்டுப் பழைய டேப் ரெக்கார்டர் வயர் அதில் அழகாகப் பொருந்தும். வயர் நம்மூர் வயர், பின் நம்மூர் பின், இனி என்ன என்று தோன்றும். அந்தத் துளை உலகம் முழுக்க ஒன்றுதான். வயர் பொருந்துகிறது என்பதால் வோல்ட்டும் பொருந்துகிறது என்று ஆகாது. ஸ்பீக்கரைக் கவிழ்த்து, அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

120 மட்டும் எழுதிய பொருள் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா? தனி அடாப்டர் என்றால் அந்த அடாப்டரை எடுத்து வைத்துவிடுங்கள். அதன் 'அவுட்புட்' வரியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், குண்டூசி மாதிரி நடுவில் இருப்பது பிளஸ்ஸா மைனஸா என்ற படம் எல்லாம் இருக்கும். வோல்ட்டும் பிளஸ் மைனஸும் அதேபோல இருக்க வேண்டும். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், கூட இருந்தால் ஒன்றும் ஆகாது. இங்கே விற்கும் அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் இருக்க வேண்டும். ஆர் என்ற ஆங்கில எழுத்தும் அதையடுத்து எட்டு இலக்கமும். அது இல்லாததைத் தொடாதீர்கள். வைஃபை ரௌட்டர் அடாப்டர் சும்மா கிடந்தது, ஓட்டை சரியாக இருந்தது என்று மாட்டிக் கொண்டுவருபவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

பவர் சப்ளை உள்ளேயே இருந்தால் 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஸ்பீக்கரின் வாட்டைவிட நன்றாகக் கூடுதலான வாட்டில் வாங்குங்கள். கையில் எடுத்தால் கனக்கும், செம்பும் இரும்பும் உள்ளே இருக்கிறதே. தீப்பெட்டி கனத்தில் 'டிராவல் கன்வெர்ட்டர்' என்று விற்பது பல நேரம் ஹேர் டிரையர், இஸ்திரிப்பெட்டி மாதிரி வெறும் சூடு தரும் சாமானுக்கானது. எலக்ட்ரானிக்ஸை அதில் மாட்டினால் மறுபடி என்னிடம்தான் வருவீர்கள்.

எரியாமல் வருகிற புகார்களும் இருக்கின்றன. "ஸ்பீக்கர் ஆன் ஆகுது, எங்க வீட்டு வைஃபை மட்டும் தெரியல" என்பார்கள். அமெரிக்க மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1 முதல் 11 வரைதான் தேடும். நம் ரௌட்டர்கள் 12, 13-லும் போய் உட்காரும். ரௌட்டர் செட்டிங்கில் சேனலை 1, 6, 11-ல் ஒன்றாக மாற்றினால் ஐந்து நிமிட வேலை. இதற்காக ஸ்பீக்கரையே விற்றுவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

சீன மாடல்கள் எரியாது, அங்கே 220 வோல்ட். சீன இணையக் கடை அலிபாபாவின் டிமால் ஜீனி ஸ்பீக்கர் 2017 நவம்பர் 11 விற்பனையில் 499 யுவானிலிருந்து 99 யுவானுக்கு இறங்கியபோது இங்கேயும் பலருக்கு ஆசை வந்தது. அது பேசுவது மாண்டரின். தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்கலாம் என்று நினைத்து வாங்கினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, அது ரிப்பேர் இல்லை. பழைய ஸ்பீக்கர் வாங்கினால், முன்பு வைத்திருந்தவர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். அமேசானின் எக்கோ மாதிரி ஸ்பீக்கர்களை அவர் நீக்கினால்தான் உங்கள் பெயரில் பதிய முடியும். கடல் கடந்து இருக்கிறவரைப் பிறகு எங்கே போய்த் தேடுவீர்கள்?

விலைக்கு வருவோம். திரையில் தெரிகிற விலை உங்கள் விலை இல்லை. பொருளின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கூலியையும் இன்சூரன்ஸையும் கூட்டி, அதன்மேல் சுங்க வரி போட்டு, அப்புறம் அந்த மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி போடுவார்கள். கூரியர்காரர் உங்கள் அடையாள ஆவணத்தையும் கேட்பார். 'கிஃப்ட்' என்று எழுதச் சொன்னால் வரி இல்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 5,000 ரூபாய் வரை இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் செலவு தனி. அந்த நாட்டு வாரண்டியை இங்கே மதிக்கிறார்களா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2017-க்கு முன்னால் வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போது இங்கே கிடைக்கவில்லை. எக்கோ 2017 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தது, கூகுள் ஹோம் 2018 ஏப்ரலில். அதற்குப் பிறகும் நம் பின்னோடு, நம் வோல்ட்டோடு, நம்மூர் பில்லோடு கிடைப்பதை விட்டுவிட்டு, வரி கட்டி வரவழைத்துக் கருக்குவதைப் பார்த்தால் கோபம் வருகிறது. அதிலும் இது மாதிரி பார்வை இல்லாத பெரியவருக்கு என்று வாங்கியதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

அந்த அக்காவின் ஸ்பீக்கர் உள்ளே பவர் சப்ளை இருக்கும் ரகம். ஃபியூஸ், கூடுதல் வோல்ட்டைத் தடுக்கும் வேரிஸ்டர், கெப்பாசிட்டர் மூன்றும் போயிருந்தன. மாற்றிவிட்டேன். பவர் சப்ளையை இயக்கும் சுவிட்சிங் ஐசி என்ற சிப்பும் போயிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வந்தால் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். அதுவரை பெரியவர் கேட்கட்டும் என்று என் கடை ரேடியோவைக் கொடுத்தனுப்பினேன்.

எரிந்துவிட்டால் "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று மறுபடி மாட்டாதீர்கள். முதல் தடவை தப்பித்தது இரண்டாம் தடவை போகும். அடாப்டரையும் வயரையும் தூக்கிப் போடாமல் சேர்த்தே கொண்டுவாருங்கள். எரியும் முன்பு என்றால் இன்னும் எளிது. ஸ்டிக்கரைப் படம் எடுத்து, உங்கள் ஊரில் சர்வீஸ் செய்கிற யாரிடமாவது காட்டி, மாட்டலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு நாங்கள் யாரும் காசு வாங்குவதில்லை.