ஆபீஸ்ல நன்கொடை வசூல் பண்றீங்களா? முதல்ல அந்த லிஸ்ட்ட தூக்கிப் போடுங்க

நான் ஹெச்ஆர் வேலைல 14 வருஷமா இருக்கேன். அதுல பாதிக்கு மேல, வருஷாவருஷம் நடக்குற நன்கொடை வசூல், ஆண்டு விழா ஸ்டால், புயல் வெள்ளம்னு வந்தா திரட்டுற அவசர நிதி எல்லாமே என் பொறுப்புலதான் நடந்துருக்கு. ஆரம்பத்துல நானும் எல்லாரும் பண்றத தான் பண்ணேன். ஒரு பேப்பர்ல பேரு, எதிர்ல தொகை, முதல் வரில பெரிய மேனேஜர் பேரு, அவரு போடுற தொகைய பாத்துட்டு அடுத்தவங்க போடணும், அப்படியே டேபிள் டேபிளா லிஸ்ட் சுத்தும். நல்லா வசூலாகும், எல்லாரும் பாராட்டுவாங்க.

ஒரு வருஷம் வசூல் முடிஞ்ச மறுநாள் படிக்கட்டுல ஒருத்தர் என்ன நிறுத்துனாரு, கான்ட்ராக்ட்ல ஹவுஸ்கீப்பிங் பாக்குறவரு. "மேடம், அடுத்த தடவ லிஸ்ட் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடுங்க மேடம், நான் கைமாத்து வாங்கித்தான் போட்டேன், உடனே கெடைக்கல"ன்னாரு. கோவமா சொல்லல, குறை சொல்ற மாதிரியும் இல்ல, ரொம்ப சாதாரணமா சொல்லிட்டு போயிட்டாரு. தனக்கு விலக்கு வேணும்னு கூட அவரு கேக்கல, கடன் வாங்க டைம் வேணும்னு கேட்டாரு. கஷ்டப்படுறவங்களுக்குன்னு நான் திரட்டுன பணத்துல அவரோட கடனும் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அதுக்கப்புறம்தான் இத பத்தி தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். 2012ல ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, ஜான் லிஸ்ட், உல்ரிக்கே மால்மெண்டியர்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வீடு வீடா போய் நன்கொடை கேக்குறதுக்கு முன்னாடி, சில வீட்டுக் கதவுல மட்டும் இந்த நேரத்துக்கு வருவோம்னு நோட்டீஸ் மாட்டிட்டு வந்தாங்க. அந்த வீடுகள்ல கதவ திறந்தவங்க 9லேர்ந்து 25 சதவீதம் வரைக்கும் குறைஞ்சாங்க. "தொந்தரவு செய்ய வேண்டாம்"னு டிக் போட ஒரு கட்டமும் நோட்டீஸ்ல இருந்தப்போ நன்கொடையே 28லேர்ந்து 42 சதவீதம் குறைஞ்சுது, அதுவும் குறைஞ்சது பெரும்பாலும் சின்னச் சின்னத் தொகைகள். அதாவது நேர்ல வந்து நிக்கிறாங்களே, எப்படி இல்லன்னு சொல்றதுன்னு குடுத்தவங்க அத்தன பேர் இருந்துருக்காங்க. வீடுன்னா கதவ சாத்திக்கலாம், ஆபீஸ்ல சாத்திக்க கதவு ஏது? கேக்குறவரு உங்க அப்ரைசல்ல கையெழுத்து போடுறவரா இருந்தா?

அதனால இந்த விஷயத்துல என்கிட்ட ஆலோசனை கேக்குற எல்லார்கிட்டயும் நான் முதல்ல கேக்குறது ஒரே கேள்விதான். உங்க ஆபீஸ்லயே கம்மி சம்பளம் வாங்குறவரு, யாருக்கும் தெரியாம, எந்த சங்கடமும் இல்லாம, இதுல காசு போடாம இருக்க முடியுமா? முடியும்னா மேல பேசலாம். முடியாதுன்னா எவ்ளோ நல்ல ஐடியாவா இருந்தாலும் அத விட்டுடுங்க.

லிஸ்ட்டுக்கு பதிலா மூடுன உண்டியல் வைங்க, இல்ல தொண்டு நிறுவனத்தோட அக்கவுண்டுக்கே நேரா போற மாதிரி கியூஆர் கோடு ஒட்டுங்க. வாட்ஸ்அப் க்ரூப்ல பணம் கட்டுன ஸ்க்ரீன்ஷாட் போடச் சொல்லாதீங்க, அது லிஸ்ட்டவிட மோசம், ஏன்னா லிஸ்ட்டாவது ஒரு நாள்ல சுத்தி முடிஞ்சிடும், க்ரூப்ல ஒவ்வொரு ஸ்க்ரீன்ஷாட்டா வர வர போடாதவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் குத்தும். எந்த டீம் அதிகம் குடுத்துதுன்னு போட்டி வைக்கிறதும் வேண்டாம், டீம்ல நாலு பேரு குடுக்கலைன்னா அந்த நாலு பேரையும் மத்தவங்க பாக்குற பார்வையே மாறிடுது, நான் கண்ணால பாத்துருக்கேன். மேனேஜர்கள் அவங்க டீம் ஆளுங்கள்ட்ட நேரடியா கேக்கவே கூடாதுன்னு ஒரு விதி போட்டோம். அத ஏத்துக்க வைக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

வசூல் குறையாதான்னு கேப்பீங்க. குறையும். முதல் வருஷம் எங்களுக்கும் நல்லாவே குறைஞ்சுது, நிர்வாகத்துக்கு பதில் சொல்ல வேண்டி வந்துச்சு. ஆனா அந்தக் குறைஞ்ச பணம் மனசில்லாம வந்த பணம்தானே, அத திரும்ப புடிக்க நினைக்காம வேற வழி தேடுனோம்.

முதல் வழி கம்பெனியே ஈடா பணம் போடுறது, ஊழியர் ஒரு பங்கு குடுத்தா கம்பெனி ஒரு பங்கு. இது புதுசு இல்ல, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1954லயே தன்னோட ஊழியர்கள் தாங்க படிச்ச கல்லூரிக்கு குடுக்குற நன்கொடைக்கு ஈடா குடுக்க ஆரம்பிச்சிருக்கு. இதுல நிர்வாகத்துக்கிட்ட காட்ட ஒரு நல்ல ஆதாரமும் உண்டு. டீன் கார்லனும் ஜான் லிஸ்ட்டும் 2007ல வெளியிட்ட ஆய்வுல, ஏற்கனவே நன்கொடை குடுத்த 50,000 பேருக்கு கடிதம் அனுப்பிப் பாத்தாங்க, நீங்க குடுத்தா இன்னொருத்தரும் ஈடா குடுப்பார்னு எழுதியிருந்த கடிதங்களுக்கு கடிதம் ஒண்ணுக்கு வந்த பணம் 19 சதவீதம் கூடுச்சு, குடுக்குறவங்க எண்ணிக்கை 22 சதவீதம் கூடுச்சு. ஆனா ஒண்ணுக்கு ரெண்டு, ஒண்ணுக்கு மூணுன்னு ஏத்தி சொன்னதால கூடுதலா ஒண்ணும் வரல. அதனால நிர்வாகத்துக்கிட்ட போய் மூணு மடங்கு போடுங்கன்னு மல்லுக்கட்ட வேண்டாம், ஒண்ணுக்கு ஒண்ணு போட்டாலே போதும், அதுக்கு ஒரு உச்ச வரம்பு வச்சா ஃபைனான்ஸ்லயும் சம்மதிச்சிடுவாங்க.

ரெண்டாவது, சம்பளத்துலயே மாசாமாசம் ஒரு சின்னத் தொகைய புடிச்சு அனுப்புறது. பிரிட்டன்ல இத 1987லேர்ந்து சட்டப்படி வரிச் சலுகையோட பண்றாங்க. தொண்டு நிறுவனங்கள்ல பேசிப் பாருங்க, ஒரே தடவ வர்ற பெரிய செக்கவிட மாசாமாசம் தவறாம வர்ற சின்னப் பணத்ததான் பெருசா நினைப்பாங்க, ஏன்னா டீச்சர் சம்பளம், நர்ஸ் சம்பளம், வாடகை எல்லாம் மாசாமாசம் தானே வருது. இதுலயும் ரெண்டு விஷயம் கவனிக்கணும், ஒண்ணு எழுதி வாங்குன சம்மதம் இல்லாம ஒரு பைசா புடிக்கக் கூடாது, ரெண்டாவது நிறுத்தணும்னு நினைக்கிறவரு யார்கிட்டயும் காரணம் சொல்லாம நிறுத்த முடியணும். சேர்றது ஒரு க்ளிக், நிறுத்தணும்னா ஹெச்ஆர்க்கு மெயில் போட்டு மேனேஜருக்கும் காப்பி வைக்கணும்னு ஒரு இடத்துல பாத்தேன், அதுல சேர்ந்தவங்க எப்படி வெளிய வருவாங்க?

நிகழ்ச்சிகள்னு வந்தா நான் நடத்துனதுலயே மனசுக்கு புடிச்சது நேர ஏலம்தான். பொருள் ஏலம் விடாம, ஆளுங்களோட நேரத்தையும் திறமையையும் ஏலம் விடுறது. ஒருத்தர் ரெண்டு மணி நேரம் கிடார் சொல்லித் தருவாங்க, ஒருத்தர் உங்க ரெஸ்யூமே திருத்தித் தருவாங்க, டைரக்டர் ஒரு நாள் ரிசப்ஷன்ல உக்காந்து போன் எடுப்பாரு. இதுல செலவே இல்ல, காசு இல்லாதவரும் தன் திறமைய குடுக்கலாம், குடுக்குறவருக்கும் வாங்குறவருக்கும் அதுவரைக்கும் இல்லாத ஒரு பழக்கம் உண்டாகும். எங்க செக்யூரிட்டில இருந்த ஒரு அண்ணன் சைக்கிள் ரிப்பேர் சொல்லித் தர்றேன்னு பேரு குடுத்தாரு, அத ஏலத்துல எடுக்க ரெண்டு சீனியர் இன்ஜினியர்கள் போட்டி போட்டாங்க. அன்னைக்கு அவரு முகத்த நீங்க பாத்திருக்கணும். ஏலத் தொகைய வாயால கத்திச் சொல்லாம சீட்டுல எழுதிப் போட வச்சோம், அது முக்கியம்.

நடைப் போட்டி, புத்தகம் மாத்திக்கிறது, க்விஸ் இதெல்லாமும் நல்லாதான் இருக்கும். ஓட்டம், மாடி ஏறுற போட்டின்னு வச்சா உடம்பு முடியாதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கான்னு முன்னாடியே யோசிச்சிடுங்க. குலுக்கல் சீட்டு மட்டும் உங்க ஊர் சட்டம் என்ன சொல்லுதுன்னு லீகல் டீம்ல கேக்காம தொடாதீங்க, பல நாடுகள்ல அது லாட்டரி கணக்குல வந்துரும்.

செலவுக் கணக்க பத்தி கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். ஒரு வருஷம் பெரிய ஹால், மேடை, லைட்டு, எல்லாருக்கும் டீஷர்ட்னு பிரமாதமா ஒரு நிதி திரட்டும் விழா நடத்துனோம், கடைசில கணக்கு பாத்தா திரண்ட பணத்துல பாதிக்கு மேல விழாவுக்கே போயிருந்துச்சு. கம்பெனி அந்த விழாவுக்கு செலவு பண்ண பணத்த அப்படியே குடுத்துட்டு, ஊழியர்கள் குடுத்ததயும் முழுசா அனுப்பியிருந்தா எவ்ளோ பெரிய உதவியா இருந்துருக்கும். அப்பலேர்ந்து எங்க விதி, நிகழ்ச்சிச் செலவு நன்கொடைலேர்ந்து எடுக்கக் கூடாது, கம்பெனி தனியா போடணும், போட முடியலைன்னா நிகழ்ச்சிய சின்னதாக்கணும். ஏற்கனவே நடக்குற ஆண்டு விழாவுல பூங்கொத்து, பொன்னாடை, பரிசுப் பொருள்னு போற காச நிறுத்தி அனுப்புனாலே ஒரு நல்ல தொகை வரும்.

யாருக்காக திரட்டுறோமோ அவங்க மரியாதையும் நம்ம கைலதான் இருக்கு. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூணு பேரும் 2007ல வெளியிட்ட ஆய்வுல, லட்சக்கணக்கானோர் பசில இருக்காங்கன்ற புள்ளிவிவரத்த படிச்சவங்களவிட ஒரே ஒரு சிறுமியோட கதைய படிச்சவங்க ரெண்டு மடங்குக்கும் மேல குடுத்தாங்க. உண்மைதான், ஒரு முகம் தெரிஞ்சா மனசு இளகும். ஆனா அதுக்காக ஒரு குழந்தைய மேடைல ஏத்தி, எல்லார் முன்னாடியும் செக்க கைல குடுத்து, போட்டோ எடுத்து கம்பெனி பேஜ்ல போடாதீங்க. அந்தக் குழந்தை நாளைக்கு வளந்து வேலைக்கு போறப்போ அந்த போட்டோ எங்கயாவது கெடக்கும். கதை சொல்லலாம், பேர மாத்தி, சம்மதம் வாங்கி, முகம் காட்டாம சொல்லலாம். எங்க அனுபவத்துல தொண்டு நிறுவனத்துல வேலை பாக்குற ஒருத்தர் வந்து பத்து நிமிஷம் பேசுனது எந்த போட்டோவவிடயும் நல்லா எடுபட்டுது.

பணம் கையாளுற விஷயத்துல நட்புக்கு இடமே குடுக்காதீங்க. ரெண்டு பேரு சேர்ந்து எண்ணணும், ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், அன்னைக்கே பேங்குல கட்டணும், யாரோட பர்சனல் அக்கவுண்டுலயும் ஒரு ராத்திரி கூட இருக்கக் கூடாது. நான் இத சொல்றது யார் மேலயும் சந்தேகப்பட்டு இல்ல, பின்னாடி யாராவது ஒரு வார்த்த கேட்டா அந்த நல்ல மனுஷன் பதில் இல்லாம நிக்கக் கூடாதுன்னுதான்.

அப்புறம் பணம் என்னாச்சுன்னு திரும்ப வந்து சொல்லணும், பாதி இடங்கள்ல விட்டுப்போறது இதுதான். 2014ல தலைல ஐஸ் தண்ணி ஊத்திக்கிட்ட அந்த சேலஞ்ச் ஞாபகம் இருக்குல்ல, ஏஎல்எஸ்ன்ற நரம்பு நோய்க்காக வேலை செய்யுற அமெரிக்காவோட ஏஎல்எஸ் அசோசியேஷனுக்கு மட்டுமே 11.5 கோடி டாலர் வந்துச்சு. வெறும் விளையாட்டுன்னு நிறைய பேர் திட்டுனாங்க, ஆனா 2016ல அந்த நோயோட தொடர்புள்ள என்இகே1ன்ற மரபணுவ கண்டுபுடிச்ச ஆராய்ச்சிக்கு அந்தப் பணமும் போயிருந்துச்சுன்னு அறிவிச்சாங்க, தண்ணி ஊத்திக்கிட்டவங்க எத்தன பேருக்கு அது தெரியும்? நாம மூணாவது மாசம், ஆறாவது மாசம் ஒரு மெயில் போடணும், இவ்ளோ வந்துச்சு, இதுக்கு செலவாச்சு, இது மட்டும் இன்னும் நடக்கலன்னு. நடக்காததயும் சேத்து எழுதுங்க, எங்க ஆபீஸ்ல அப்படி எழுதுன மெயிலுக்குதான் நிறைய பதில் வந்துச்சு.

பொருளா சேக்குறவங்க, முதல்ல போன் பண்ணி என்ன வேணும்னு கேளுங்க. நாம அலமாரி காலி பண்றதுக்கு அவங்க இடம் இல்ல. கிழிஞ்ச துணி மூட்டைய பிரிச்சு ஒதுக்கவே ஒரு ஆளு ரெண்டு நாள் உக்கார வேண்டி வந்துச்சுன்னு ஒரு இல்லத்துல சொன்னாங்க.

தேதி சம்பளம் வந்த வாரத்துல வைங்க. அழைப்பு மெயில் எப்படி எழுதுறதுன்னு நிறைய பேர் கேக்குறீங்க, நாங்க இப்போ அனுப்புறது இதுதான், எடுத்து உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க:

"எல்லாருக்கும் வணக்கம். வர்ற வெள்ளிக்கிழமை மதியம் நேர ஏலம் நடக்குது. வர்ற பணம் முழுசும் தொண்டு நிறுவனத்துக்கு போகும், நிகழ்ச்சிச் செலவு கம்பெனியோடது, நீங்க குடுக்குறதுக்கு ஈடா கம்பெனியும் குடுக்கும். யாரு எவ்ளோ குடுத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது, மேனேஜர்களுக்கும் தெரியாது. உங்ககிட்ட ஒரு திறமை இருந்தா அத ஏலத்துக்கு குடுங்க. இந்த மாசம் முடியலைன்னா யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம், வந்து எங்க கூட உக்காருங்க."